ஐயுறுவது பாவமா?

அயலாரைப் பற்றி அவசரப்பட்டுத் தீர்ப்பிடுவது குற்றம் என்று திருச்சபை நமக்குக் கற்பிக்கிறது. போதிய ஆதாரமின்றி ஒருவர்மீது குறை உண்டென்று மனத்துக்குள் முடிவு செய்துகொண்டால், அதை வாய்விட்டுச் சொல்லாதபோதும் அது எட்டாம் கட்டளைக்கு எதிரானதே என்பது மறைக்கல்வி நூலின் தெளிவான போதனை. அயலாரின் சொல்லையும் செயலையும் இயன்றவரை நல்ல பொருளிலேயே கொள்ள வேண்டும் என்றும் அந்நூல் அறிவுறுத்துகிறது. அப்படியானால் தேர்தல் நடத்தும் அதிகாரிகளையும், அவர்கள் கையாளும் கணிப்பொறிகளையும் ஐயுறுகிற குடிமகன் பாவம் செய்கிறானா? "ஆதாரம் இருந்தால் கொண்டு வா, இல்லையேல் நம்பு" என்று ஆட்சியாளர் சொல்லும்போது கிறித்தவ மனச்சான்று என்ன செய்ய வேண்டும்?

இதை ஏட்டளவில் ஆராய்வதைவிட, நம்மைப் போலவே செபமாலையும் நவநாளும் அறிந்த ஒரு நாட்டின் பட்டறிவைக் கொண்டு ஆராய்வது நலம். பிலிப்பைன்ஸ் நாட்டில் தேர்தல், கணிப்பொறி, திருச்சபை ஆகிய மூன்றும் பின்னிக் கிடக்கின்றன. 1986 பிப்ரவரி 7ஆம் நாள் அங்கே அதிபர் தேர்தல் நடந்தது. ஒருபுறம் மார்க்கோஸ், மறுபுறம் கொரசோன் அக்கினோ அம்மையார். இரண்டு நாள் கழித்து, தேர்தல் ஆணையத்தின் எண்ணிக்கை மையத்தில் கணிப்பொறிப் பணியில் இருந்த முப்பது பேரளவிலான ஊழியர்கள் எழுந்து வெளியேறினார்கள். தங்கள் பொறியில் வந்த எண்ணும், முன்னே பலகையில் காட்டப்பட்ட எண்ணும் வேறுவேறாக இருந்ததே காரணம். அவர்களிற் பெரும்பாலோர் இளம்பெண்கள். அடைக்கலம் தேடி அவர்கள் சென்ற இடம் பக்லாரான் ஆலயம். புதன்தோறும் இடைவிடா சகாய அன்னையின் நவநாளுக்கு மக்கள் திரளும் அதே திருத்தலம். சில நாள்களில் அந்நாட்டு ஆயர் பேரவை, மோசடியால் பெற்ற அதிகாரத்திற்கு அறநெறி அடிப்படை இல்லை என்று அறிவித்தது. பிறகு நடந்தது உலகறிந்த வரலாறு.

அந்த ஊழியர்கள் செய்தது அவசரத் தீர்ப்பா? அல்ல. அவர்கள் இரண்டு எண்களைத் தம் கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று இருந்ததால்தான் அவர்களின் மனச்சான்றால் பேச முடிந்தது. நம் ஆய்வுக்கு இது முக்கியமான செய்தி.

கையால் எண்ணிய காலம் பொற்காலம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1995ஆம் ஆண்டுச் செனட் தேர்தலுக்குப் பின் அந்நாட்டில் 'தக்தாக்-பவாஸ்' என்றொரு சொல் வழக்கிற்கு வந்தது. கூட்டு, குறை என்பது அதன் பொருள். ஒருவர் வாக்கைக் குறைத்து மற்றொருவர் கணக்கில் கூட்டுவது. ஊன்றிப் பார்த்தால், இக்களவு பெரும்பாலும் வாக்குச்சாவடியில் நடக்கவில்லை. அங்கே பள்ளி ஆசிரியை ஒவ்வொரு சீட்டையும் உரக்கப் படித்தார். மற்றொருவர் எல்லாரும் காணக் கோடு கிழித்தார். கட்சிக்காரரும் ஊராரும் சுற்றி நின்றனர். அந்த எண்ணிக்கைத் தாள்கள் நகராட்சிக்கும் மாகாணத்திற்கும் சென்று தொகுக்கப்பட்ட இடத்தில்தான் எண்கள் மாறின. அதாவது, மக்கள் கண்ணெதிரே நடந்த பகுதி ஓரளவு தூய்மையாயிருந்தது. கண்ணுக்கு எட்டாத பகுதி கெட்டது.

1997லும் 2007லும் இயற்றப்பட்ட சட்டங்களின் வழியாக, 2010 மே 10ஆம் நாள் நாடு முழுவதும் இயந்திரத் தேர்தல் வந்தது. வாக்காளர் காகிதச் சீட்டில் வட்டத்தை நிரப்பி இயந்திரத்திற்குள் செலுத்துவார். இயந்திரம் படித்து, எண்ணி, முடிவை மின்வழியில் அனுப்பும். வாரக்கணக்கில் இழுத்த தொகுப்புப் பணி வெகுவாக விரைவுபட்டது. இது பெரும் நன்மை, மறுப்பதற்கில்லை. ஆனால் தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு, மே 3ஆம் நாள் சோதனையில், இயந்திரங்கள் உள்ளூர்ப் பதவிகளுக்கான வாக்குகளைத் தவறாகப் படித்தது தெரிந்தது. நிரல் பதித்த நினைவக அட்டைகள் 76,000க்கு மேல் திரும்பப் பெறப்பட்டு, மாற்றப்பட்டன. இயந்திரத்தை இயக்கும் மூல நிரலை அக்கறையுள்ள கட்சிகளும் குழுக்களும் ஆராயத் திறந்துவைக்க வேண்டும் என்று சட்டம் சொல்லியிருந்தது. ஆராயக் கேட்ட குழுவொன்றுக்கு அதை வழங்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது அவ்வாண்டு செப்டம்பரில். தேர்தல் முடிந்து நான்கு மாதம் கழித்து!

நம் கேள்விக்கு மிக நெருக்கமான நிகழ்ச்சி 2016இல் நடந்தது. ஒரே ஓர் எழுத்தைப் பற்றியது அது. பிலிப்பைன்ஸ் மக்களின் பெயர்களில் இசுபானிய மொழியிலிருந்து வந்த 'என்யே' என்னும் எழுத்து உண்டு. நம் ஞகரத்தைப் போல் ஒலிப்பது. மே 9ஆம் நாள் இரவு, செய்தியாளருக்கும் மக்களுக்கும் முடிவுகளைக் காட்டிய கணிப்பொறியில் அவ்வெழுத்து வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறி தோன்றியது. இயந்திரங்களை வழங்கிய ஸ்மார்ட்மேட்டிக் நிறுவனத்தின் பணியாளர் ஒருவர், ஆணையத்தின் அனுமதி பெறாமலே, நிரலில் நுழைந்து எழுத்தைச் சரிசெய்தார். இத்தகைய நிரல்களுக்கு, அவற்றின் உள்ளடக்கத்திலிருந்தே கணித்தெடுக்கும் 'ஹாஷ்' என்ற குறியீடு ஒன்று உண்டு. அரக்கு முத்திரை போன்றது. ஒரு புள்ளி மாறினாலும் குறியீடு மாறிவிடும். மாறியது. அதே இரவில் துணை அதிபர் பதவிக்கான எண்ணிக்கையில் முன்னணியிலிருந்த மார்க்கோஸின் மகன் பின்தங்க, லெனி ரொப்ரெடோ அம்மையார் முந்தினார். இறுதியில் வேறுபாடு 2,63,473 வாக்குகள். முத்திரையை உடைத்தவர்கள் எதை மாற்றினார்கள் என்று பாதி நாடு கேட்டது.

அந்தக் கணிப்பொறி அதிகாரப்பூர்வ எண்ணிக்கையைச் செய்வதன்று, காட்டுவதற்கு மட்டுமே. மாற்றம் எழுத்தளவானது என்று ஆணையம் விளக்கியது. முறை மீறப்பட்டது என்றும் ஒப்புக்கொண்டது. நம் கணிப்பில் அப்பணியாளர் தீங்கு எதுவும் நினைக்கவில்லை. ஆயினும் ஒரு தேசத்தின் மன அமைதியைக் குலைக்க அந்த நல்லெண்ணமே போதுமானதாயிற்று. நல்லெண்ணம் உள்ளத்தில் இருப்பது. முத்திரை எல்லாரும் காண இருப்பது. உள்ளத்தை ஆண்டவர் அறிவார். வாக்காளர் எப்படி அறிவார்?

பவுலடியார் இதை நன்கு உணர்ந்திருந்தார். எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய காணிக்கையைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். தீத்துவை மட்டும் அவர் அனுப்பவில்லை; சபைகளின் நன்மதிப்பைப் பெற்ற வேறு சகோதரரையும் உடன் அனுப்புகிறார். எவரும் குறை கூற இடமிருக்கக் கூடாது, ஆண்டவர் முன் நேர்மையாயிருப்பதோடு மனிதர் முன்னும் அப்படியிருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. இதனால் தீத்துவின் நேர்மையை அவர் ஐயுற்றார் என்று எவராவது சொல்வார்களா? நம் பங்குகளில் ஞாயிறு காணிக்கையைப் பங்குத்தந்தை அறையில் தனித்திருந்து எண்ணாமல், நிதிக்குழுவினரை வைத்து எண்ணச் செய்வதும் இதே காரணத்தால்தான். இதனால் மனம் புண்படுகிற குருவைவிட, நிம்மதியடைகிற குருக்களே மிகுதி என்பதை நாம் அறிவோம்.

ஆக, ஆள்மீது கொள்ளும் ஐயமும் முறைமீது கொள்ளும் ஐயமும் ஒன்றல்ல. அன்பு ஆட்களுக்கு உரியது. நல்ல பொருள்கொள்ளும் கடமையும் ஆட்களைப் பற்றியதே. இயந்திரத்திற்கும் நிரலுக்கும் அந்தச் சலுகையைக் கேட்பது பொருந்தாது. முறைக்குள்ளேயே ஐயத்தை எழுதிவைத்தால், ஆட்கள் ஐயத்திலிருந்து விடுபடுகிறார்கள். காணாமல் நம்புவோர் பேறுபெற்றோர் என்ற நற்செய்திப் பேற்றை ஆட்சியாளர் சிலர் தங்களுக்கும் வேண்டுகிறார்கள் போலும்! உயிர்த்த ஆண்டவரைப் பற்றிய பேறு அது. தேர்தல் ஆணையத்திற்கு அது பொருந்தாது. அந்த ஆண்டவரே தோமையாருக்குக் காயங்களைக் காட்ட மறுக்கவில்லை.

மூல நிரலைக் காட்டினால் போதுமா? 1984இல் கென் தாம்சன் என்ற அமெரிக்கக் கணிப்பொறி அறிஞர், நிரலை வரிக்கு வரி படித்துத் தேறினாலும், அதை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவிக்குள்ளேயே கள்ளத்தை ஒளித்துவைக்க முடியும் என்று விளக்கிக் காட்டினார். எனவே வல்லுநரின் சொல்லும் இறுதியில் ஒரு சொல்லே. செருமானிய அரசமைப்பு நீதிமன்றம் 2009 மார்ச் 3ஆம் நாள் தீர்ப்பில், தேர்தலின் முக்கியமான படிகளைத் தனித் தொழில்நுட்ப அறிவில்லாத குடிமகனும் சரிபார்க்க இயல வேண்டும் என்று வகுத்து, அங்குப் பயன்படுத்திய இயந்திரங்கள் அதற்கு ஒவ்வாதவை என்றது. வல்லுநரல்லாத நமக்கு இது ஆறுதலான தீர்ப்பு. பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் 2016 மார்ச்சில் வாக்காளருக்கு ஒப்புகைச் சீட்டு அச்சிட்டுக் காட்டவேண்டும் என்று ஆணையிட்டதும், நம் உச்ச நீதிமன்றம் 2013இல் அத்தகைய சீட்டு இன்றியமையாதது என்று கூறியதும் இதே திசையில் எடுத்த அடிகள்தாம்.

ஆனால் ஐயுறுகிறவனுக்கும் கடமை உண்டு. ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதும் ஒன்றுபோலவே துன்பம் தரும் என்பது வள்ளுவர் கண்ட உண்மை. 2016 முடிவை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில், மனுதாரரே தேர்ந்துகொண்ட மூன்று மாகாணங்களின் காகிதச் சீட்டுகள் கையால் மீண்டும் எண்ணப்பட்டன. ரொப்ரெடோவின் முன்னிலை குறையவில்லை, 2,78,566ஆகக் கூடியது. 2021 பிப்ரவரியில் வழக்கு ஒருமனதாகத் தள்ளுபடியாயிற்று. காகிதம் இருந்ததால் கேள்விக்கு விடை கிடைத்தது. விடை கிடைத்த பின்னும் பழியைத் தொடர்ந்து பரப்பியவர்களைத்தான் எட்டாம் கட்டளை தொடுகிறது. 2022இல் காட்சி மாறியது. மார்க்கோஸின் மகன் பெருவெற்றி பெற்றார். இப்போது மறுதரப்பினர் வாக்கு விகிதம் மாறாமலே ஏறியது எப்படி என்று கேட்டனர். கணித வல்லுநர் விளக்கினர். தோற்றவர் பக்கமே எப்போதும் ஐயம் குடிபோகிறதென்றால், அது உண்மைத் தேடல்தானா என்று அவரவர் மனச்சான்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தோமையார் கண்டபின் அறிக்கையிட்டார் அல்லவா?

அந்நாட்டுக் கணிப்பொறி அறிஞர் அகுஸ்தோ லக்மான் நெடுங்காலமாக ஒரு வழி சொல்லிவந்தார்: சாவடியில் பழையபடி எல்லார் முன்னிலையிலும் கையால் எண்ணுங்கள், களவு நடந்த தொகுப்புப் பணிக்கு மட்டும் கணிப்பொறியைப் பயன்படுத்துங்கள். நோய் இருந்த இடத்தை விட்டுவிட்டு நலமாயிருந்த உறுப்பை அறுத்தது ஏன் என்பதே அவர் வாதத்தின் சாரம். நம் மனம் இதன் பக்கமே சாய்கிறது. ஆயினும் 2007இல் பதங்காஸ் மாகாணத்தில் வாக்குச்சாவடியாயிருந்த பள்ளிக்குத் தீ வைக்கப்பட்டு, தேர்தல் பணியிலிருந்த ஆசிரியை ஒருவர் உயிரிழந்ததை மறக்க முடியவில்லை. நள்ளிரவு தாண்டியும் சீட்டுகளோடு ஆசிரியர்களை உட்காரவைப்பதன் விலை அது. இயந்திரம் அந்த இரவைச் சுருக்கியது.

இடைப்பட்ட வழியொன்றில் அந்நாட்டுப் பொதுநிலையினர் உழைத்து வருகிறார்கள். பொறுப்பான வாக்களிப்புக்கான பங்கு மேய்ப்புப்பணிப் பேரவை 1991இல் தொடங்கப்பட்டது. ஒவ்வோர் இயந்திரமும் சாவடியில் அச்சிட்டுத் தரும் முடிவுத்தாளின் ஒரு படி அவர்களுக்கு வருகிறது. தன்னார்வலர்கள், அவர்களில் மாணவர் பலர், அவற்றைத் தாள் தாளாகத் தட்டச்சு செய்து, மின்வழியில் வந்த எண்ணோடு ஒப்பிடுகிறார்கள். வென்றவர் கொண்டாடி முடித்த பின்னும் இப்பணி நாள்கணக்கில் நடக்கிறது. எண்கள் ஒத்திருந்தால் அடுத்த தாளை எடுக்கிறார்கள். ஒவ்வாவிட்டால் தனியே எடுத்துவைத்துக் காரணம் கேட்கிறார்கள்.