நாவின் அறம்: பிரெஞ்சுச் சுவை விருந்தை முன்வைத்து ஒரு சிந்தனை

உணவின் மீது கொள்ளும் விருப்பம் எந்த இடத்தில் குற்றமாகிறது என்னும் வினாவுக்கு, அளவே விடை என்பது பொதுவான எண்ணம். பசிக்கு உண்பது நெறி, பசி தீர்ந்த பின்னும் உண்பது பிழை என்னும் இந்த வரையறை எளியது. அன்றாட வாழ்வுக்குப் பெரும்பாலும் போதுமானதும்கூட. ஆனால் இக்காலப் பிரெஞ்சுச் சமையலின் முதிர்ந்த வடிவமாகிய 'மெனு தெகுஸ்தாசியோன்' என்னும் சுவை விருந்தின் முன் இந்த வரையறை செயலிழந்து போகிறது. டேஸ்டிங் மெனு என்று பரவலாக அறியப்படும் இம்முறையில் விருந்தினர் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. சமையற்கலைஞர் வகுத்த வரிசையில், இரண்டு மூன்று வாய்க்கு மேற்படாத சிறிய அளவில், பல தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக, சில மணி நேரம் நீடித்து வருகின்றன. வயிறு நிரம்ப உண்டு தீர்ப்பது இங்கே நோக்கமன்று. ஆயினும் ஒரு வாய் உணவின் மீது இத்தனை கவனமும் உழைப்பும் பொருளும் குவிக்கப்படும் இடம் வேறொன்று உண்டா என்பது ஐயமே. ஆகவே, அளவில் குற்றம் இல்லாத இடத்தில் விருப்பமே குற்றமாகுமா, அன்றி அவ்விருப்பம் ஒருவகை வணக்கமாகவும் அமையக்கூடுமா என்பது ஆராயத்தக்கது.

இவ்வினாவைத் தெளிவுபடுத்த ஓர் உணவகத்தைச் சான்றாகக் கொள்ளலாம். பாஸ்கல் பார்போ என்னும் சமையற்கலைஞரும் விருந்தோம்பலைக் கவனித்துக்கொண்ட கிறிஸ்தோஃப் ரோஆவும் சேர்ந்து 2000ஆம் ஆண்டு பாரிஸில் தொடங்கிய 'லஸ்திரான்ஸ்', ஏறத்தாழ இருபத்தைந்து பேர் மட்டுமே அமரக்கூடிய சிறிய கூடமாக இருந்தது. அன்றைய சந்தையில் கிடைத்ததைக் கொண்டு அன்றைய விருந்தை அமைப்பதே அதன் வழக்கம். பிரெஞ்சு உணவகங்களைத் தரப்படுத்தும் மிஷலின் வழிகாட்டி, தன் உச்சத் தகுதியாகிய மூன்று நட்சத்திரங்களை அதற்கு 2007இல் அளித்தது. அவ்வுணவகத்துக்குப் புகழ் தேடித்தந்த தட்டு, பச்சையான பட்டன் காளானை மெல்லிய இதழ்களாகச் சீவி, பழுக்காத திராட்சையின் புளிப்புச் சாற்றில் ஊறிய ஃபுவா கிராவுடன் அடுக்கடுக்காகச் சேர்த்து அமைத்ததாகும். ஃபுவா கிரா என்பது வாத்துக்கோ பெருவாத்துக்கோ வலிந்து இரையூட்டிக் கொழுக்கவைத்து எடுக்கும் ஈரல். எந்தக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும் காளானும், பிரெஞ்சு உணவில் ஆடம்பரத்தின் அடையாளமாகிய ஈரலும் ஒரே துண்டில் இணையும் அந்தத் தட்டில், எளிமையும் செல்வமும் தம்முள் வேறுபாடின்றி நிற்கின்றன. அத்தட்டின் அழகும் அது எழுப்பும் அறவினாவும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன.

கிறித்தவ மரபில் இவ்வினா சொல்லிலேயே தொடங்குகிறது. கத்தோலிக்கத் திருச்சபை தொகுத்த ஏழு தலையான பாவங்களுள் ஒன்று, இலத்தீன் மொழியில் 'குலா', அதாவது தொண்டை, என்று வழங்குகிறது. பிரெஞ்சில் அதற்கு வழங்கும் 'கூர்மாந்தீஸ்' என்னும் சொல்லோ பெருந்தீனியை மட்டும் குறிப்பதன்று. நல்ல உணவை நயந்து மகிழும் பண்பையும், குழந்தை இனிப்பைக் கண்டு காட்டும் ஆவலையும்கூட அதுவே குறிக்கிறது. பாரிஸின் புகழ்பெற்ற ரொட்டிக் கலைஞர் லியோனல் புவாலான் இம்மயக்கத்தைச் சுட்டிக்காட்டி, பாவப் பட்டியலில் அச்சொல்லை நீக்கி, வெறிகொண்டு விழுங்குவதைக் குறிக்கும் வேறு சொல்லைப் பயன்படுத்துமாறு திருத்தந்தையை வேண்ட முனைந்தார். 2002இல் அவர் மறைந்த பிறகு, அவருக்கு நெருக்கமானவர்கள் அவ்வேண்டுகோளை முன்னெடுத்தனர். தமிழ்க் கத்தோலிக்க மறைக்கல்வியிலும் இதே சிக்கல் மறைந்திருப்பது கருதத்தக்கது. அங்கே இப்பாவத்தின் பெயர் 'போசனப்பிரியம்'. சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால், அது உணவின்மீது அன்பு என்றே பொருள்படும். உணவை நேசிப்பதும் உணவுக்கு அடிமையாவதும் ஒரே பெயரைப் பெற்றிருப்பது, இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லையைக் காண்பது எவ்வளவு அரிது என்பதைப் பிரெஞ்சிலும் தமிழிலும் ஒருங்கே உணர்த்துகிறது.

எனினும், சொல்லை மாற்றிவிட்டால் சுவை விருந்து குற்றத்திலிருந்து விடுபட்டுவிடும் என்று கொள்வதற்கில்லை. கி.பி. 590 முதல் 604 வரை திருத்தந்தையாக இருந்த பெரிய கிரகோரியார், இப்பாவம் ஐந்து வழிகளில் மனிதனைச் சோதிக்கிறது என்று வகுத்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் அப்பகுப்பை ஏற்று விளக்கினார். உரிய வேளைக்கு முன்னரே உண்ண விரைதல், விலையுயர்ந்த உணவையே நாடுதல், மிகுதியாக உண்ணுதல், பேராவலோடு பாய்ந்து உண்ணுதல், மிக நுணுக்கமாகச் சமைத்ததையே வேண்டுதல் என்பன அவ்வைந்தும். இவற்றுள் அளவைப் பற்றியது ஒன்றே ஒன்று. விலையைப் பற்றியதும் நுணுக்கத்தைப் பற்றியதும் சுவை விருந்தை நேராகத் தொடுகின்றன. மூன்று வாய் மட்டும் உண்டவரும், அந்த மூன்று வாயும் இன்னின்னவாறே இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தால், இப்பாவத்துக்கு ஆளாகலாம் என்பது இவ்வகுப்பின் உட்பொருள். ஆயினும் அக்குவினாஸ் மற்றொரு வாயிலையும் திறந்து வைத்தார். குற்றம் உணவுப் பொருளில் இல்லை, அறிவின் ஒழுங்கை மீறிய விருப்பத்தில்தான் இருக்கிறது என்பது அவருடைய முடிவு. அப்படியானால், தட்டில் என்ன இருக்கிறது என்பதோடு, உண்பவரின் உள்ளம் அத்தட்டின் முன் எவ்வாறு நிற்கிறது என்பதையும் சேர்த்தே இதைத் தீர்மானிக்க வேண்டியுள்ளது.

அந்த நிலையை அறிய, பரிமாறும் முறையின் வரலாறு துணைசெய்யும். பழைய பிரெஞ்சுப் பெருவிருந்துகளில் பல வகை உணவுகள் ஒரே நேரத்தில் மேசை முழுதும் பரப்பப்பட்டன. விருந்தினர் தமக்கு எட்டியதை எடுத்துக்கொண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அம்முறை விலகி, ஒவ்வொரு வகையாக ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறும் 'ரஷ்ய முறை' பரவியது. 1973இல் ஆன்ரி கோ, கிறிஸ்தியான் மீயோ என்னும் இரு விமர்சகர்கள் 'நூவெல் குய்சீன்', அதாவது புதிய சமையல், என்று பெயரிட்டு அறிவித்த இயக்கம், கனத்த குழம்புகளை விலக்கி, குறைந்த நேரச் சமையலையும் அன்றன்று சந்தையில் கிடைக்கும் பொருள்களையும் வலியுறுத்தியது. மேசையிலிருந்து காலத்துக்கும், மிகுதியிலிருந்து வரிசைக்கும் விருந்து இவ்வாறு நகர்ந்து வந்ததன் முடிவே சுவை விருந்து. பரந்து கிடந்த விருந்தில் கண்ணும் கையும் அலைந்தன. வரிசையாக வரும் விருந்தில் ஒரு நேரத்தில் ஒன்றே முன்னிற்கிறது, அடுத்தது இன்னதென்று தெரிவதும் இல்லை.

தேர்வை விட்டுக்கொடுத்து, வருவதை ஏற்பது என்னும் இப்பண்பு துறவு மடங்களில் மிகப் பழையது. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த ஒழுங்குநூல், துறவியர் உணவுக்குச் சமைத்த வகை இரண்டு போதும் என்றும், நாளொன்றுக்கு ஒரு பவுண்டு ரொட்டி என்றும் வரையறுத்ததோடு, உண்ணும் வேளையில் எவரும் பேசாதிருக்க, ஒருவர் மட்டும் திருநூல் வாசிக்க வேண்டும் என்றும் விதித்தது. இரண்டு வகை எதற்கென்றால், ஒன்றை உண்ண இயலாதவர் மற்றதை உண்ணலாம் என்பதற்காக. அதாவது கண்டிப்பான அந்த நூலும் உடலின் வலுவின்மையை மறக்கவில்லை. சுவை விருந்தின் விருந்தினரும் தம் விருப்பத்தைப் பிறர் கையில் ஒப்படைக்கிறார். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. துறவி தேர்வைத் துறப்பது உணவின் நினைவிலிருந்து விடுபட்டு இறைவன்பால் செல்ல. விருந்தினர் தேர்வைத் துறப்பதோ உணவின் நினைவில் முழுதும் தோய. ஒரே வாயிலின் வழியே இருவரும் எதிரெதிர்த் திசைகளில் செல்கின்றனர். எனினும் அவ்வாயிலின் பெயர் ஒன்றே: தன்முனைப்பைச் சற்றே இறக்கி வைத்தல்.

தன்முனைப்பு இறங்கிய இடத்தில் கவனம் பிறக்கிறது என்பதை இருபதாம் நூற்றாண்டில் ஆழ்ந்து சிந்தித்தவர், பிரெஞ்சு மெய்யியலாளர் சிமோன் வேய் (1909-1943). முழுமையான கவனமே வழிபாட்டின் சாரம் என்பது அவர் கொள்கை. அழகைக் குறித்து அவர் கூறியது சுவை விருந்துக்கு நேராகப் பொருந்துகிறது. அழகானதை மனிதன் உண்டு தன்னுடையதாக்க விரும்புகிறான், ஆனால் அழகு பார்க்கத்தான் இருக்கிறது. பார்ப்பதும் உண்பதும் வெவ்வேறு செயல்களாக இருப்பது மனித வாழ்வின் பெருந்துயரம் என்று அவர் கருதினார். மெய்யியலார் பலர் நாவின் சுவையைக் கலையின் எல்லைக்கு வெளியே நிறுத்தியதற்கும் இதுவே அடிப்படை. ஓவியத்தைக் காண்பவர் அதை அழிப்பதில்லை, உணவைச் சுவைப்பவர் அழிக்காமல் அறிய முடியாது. சுவை விருந்து இத்துயரத்தை நீக்குவதில்லை, அதைக் கூர்மைப்படுத்துகிறது. சிறிய தட்டு முன்னால் வைக்கப்பட்டதும், அது மூன்று வாயில் மறைந்துவிடும் என்பது உண்பவருக்குத் தெரிந்திருப்பதால், முதல் வாய்க்கு முன் ஒரு தயக்கம் நேர்கிறது. அத்தயக்கத்தில் பார்த்தலும் உண்ணலும் ஒருகணம் அருகருகே நிற்கின்றன. பெருந்தீனிக்காரனிடம் இல்லாதது அந்தத் தயக்கமே. நிலையாமையை நாவினால் அறிந்து, கைக்கு வந்ததை நன்றியோடு விடைகொடுத்து அனுப்பும் அவ்வறிவு, சமயங்கள் கற்பிக்க விரும்பும் அறிவினின்றும் வெகு தொலைவில் இல்லை.

ஆனால் கவனம் எதன்மீது விழுகிறது என்பதைப் போலவே, எதன்மீது விழாமல் போகிறது என்பதும் அறவினாவேயாகும். பியேர் பூர்தியூ என்னும் சமூகவியலாளர் 1979இல் வெளியிட்ட 'வேறுபாடு' என்னும் பொருள்படும் தலைப்பிலான நூலில், சுவையுணர்வு இயற்கையாக வாய்ப்பதன்று, வர்க்கத்தால் பயிற்றுவிக்கப்படுவது என்றும், தேவையின் நெருக்கடிக்கு ஆளாகாதவர்க்கே உணவின் பொருளைவிட அதன் வடிவம் முதன்மையாகத் தோன்றும் என்றும் விளக்கினார். பொறுமையாகத் தயங்கி உண்ணும் பண்பு உள்ளத்தின் மேன்மையால் மட்டும் வருவதன்று. அடுத்த வேளைச் சோறு உறுதியாக இருப்பதாலும் வருகிறது என்பதை மறைத்துவிட்டு அதைப் பக்குவம் என்று போற்றுவது பொய்யாகும்.

ஃபுவா கிராவில் இம்மறைப்பு இன்னும் ஆழமானது. உணவின் இன்பம் தொண்டையில் நீடிக்க வேண்டும் என்று கொக்கின் கழுத்தைப் போன்ற நீண்ட கழுத்தை வேண்டிய ஒரு போசனப்பிரியனை அரிஸ்டாட்டில் தம் அறநூலில் குறிப்பிடுகிறார். வேடிக்கையாகத் தோன்றும் அந்த வேண்டுதல், பறவையின் தொண்டைக்குள் குழாயைச் செலுத்தி இரையூட்டும் முறையில் தலைகீழாக நிறைவேறியிருக்கிறது. மிகையாக உண்ணும் வேலை பறவையின் மீது சுமத்தப்பட்டதால், உண்பவர் மிதமாக இருக்க முடிகிறது. பிரெஞ்சுச் சட்டம் 2006 முதல் ஃபுவா கிராவைக் காக்கத்தக்க பண்பாட்டு மரபு என்று ஏற்றிருக்கிறது; ஆனால் மரபு என்பது அறத்துக்கான விடையாகாது. தட்டின் மீது அவ்வளவு நுண்ணிய கவனம் செலுத்தும் நாவு, அத்தட்டு வந்த வழியின் மீது கவனம் செலுத்த மறுக்குமானால், அது கவனமன்று, மயக்கம். பெரிய கிரகோரியார் நுணுக்கத்தைப் பாவத்தின் வழிகளுள் ஒன்றாக வைத்தது இம்மயக்கத்தை முன்னறிந்ததால் என்று கொள்ளலாம்.

அப்படியாயின் துறப்பதே விடையா என்னும் வினா எழுகிறது. இவ்விடத்தில், லித்துவேனியாவில் பிறந்து பிரெஞ்சில் எழுதிய யூத மெய்யியலாளர் இம்மானுவேல் லெவினாஸின் (1906-1995) சிந்தனை பெருந்துணையாகிறது. போர்க்கைதியாக ஆண்டுக்கணக்கில் முகாமில் வாழ்ந்த அவர், மனித இருப்பை ஆராய்ந்த மெய்யியல் பசியை மறந்துவிட்டது என்று குறை கூறினார். 1961இல் வெளிவந்த 'முழுமையும் முடிவின்மையும்' என்னும் நூலில், மனிதன் உணவை ஒரு கருவியாகப் பயன்படுத்துவதில்லை, அதில் இன்புற்று வாழ்கிறான் என்றார். பின்னர் 1974இல் வெளியிட்ட நூலில் அக்கருத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்றார். தன் வாயிலிருந்து எடுத்துப் பிறருக்கு ரொட்டியைக் கொடுப்பதே ஈகை. ஆனால் ரொட்டியின் சுவையை அறிந்தவனுக்கே அதைக் கொடுப்பது ஈகையாகும். சுவையற்ற ஒன்றைக் கொடுப்பதில் இழப்பு இல்லை, இழப்பு இல்லாத இடத்தில் கொடை இல்லை. இதன்படி இன்பம் அறத்துக்குப் பகையன்று, அதன் முன்நிபந்தனை. உண்டு மகிழ்ந்திராதவனுக்குப் பிறன் பசி ஒரு செய்தி மட்டுமே. மகிழ்ந்தவனுக்கோ அது தான் அறிந்த ஒன்றின் இன்மை.

இவ்வாறு நோக்கும்போது சுவை விருந்தைப் பற்றிய வினா இடம்மாறுகிறது. மேசையில் அமர்ந்திருக்கும்போது அது பாவமா அன்றா என்று முடிவு செய்ய இயலாது. அந்த மேசையில் கற்ற கவனம் கதவுக்கு வெளியே தொடர்கிறதா என்பதே அதற்கான தீர்ப்பு. பாரிஸின் மட்லென் தேவாலயத்தைச் சுற்றியுள்ள சதுக்கம் விலையுயர்ந்த உணவுக் கடைகளுக்குப் பெயர்பெற்றது. அத்தேவாலயத்தின் நிலவறையில், இத்தாலியச் சமையற்கலைஞர் மாசிமோ போத்தூராவின் முயற்சியால் 2018இல் 'ரெஃபெத்தோரியோ பாரிஸ்' தொடங்கப்பட்டது. துறவு மடத்தின் உணவுக்கூடத்தைக் குறிக்கும் சொல்லைப் பெயராகக் கொண்ட அவ்விடத்தில், விற்பனையாகாமல் வீணாகவிருந்த பொருள்களைக் கொண்டு சமையற்கலைஞர்கள் விருந்து சமைக்கின்றனர். வீடற்றோரும் அகதிகளும் வரிசையில் தட்டேந்தி நிற்காமல், மேசையில் அமர, ஒவ்வொரு வகையாக அவர்களுக்குப் பரிமாறப்படுகிறது. வயிற்றை நிரப்புவது மட்டும் நோக்கமானால் அந்த வரிசைமுறை தேவையில்லை. காத்திருப்பதும் பார்ப்பதும் தயங்கிச் சுவைப்பதும் செல்வர்க்கு மட்டும் உரியவை அல்ல, அவை மனிதனுக்கு உரியவை என்று அறிந்தவர்களே அவ்வாறு பரிமாற முடியும். அவ்வறிவை அவர்கள் பெற்றது சுவை விருந்தின் அடுப்படியில்.

'ரெஸ்தொரான்' என்னும் சொல் பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிஸில் முதலில் குறித்தது உணவகத்தையன்று. நலிந்த உடலை மீட்டுத் தேற்றும் சத்துச் சாற்றை. அச்சாற்றை விற்ற இடத்துக்கு அதன் பெயர் பின்னர் வந்து சேர்ந்தது. உடலைத் தேற்றும் கடமையை மறக்காதவரை நாவின் நயம் அதற்கு முரணாகாது. போசனப்பிரியம் என்னும் சொல்லைப் பாவப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. அதன் முதற்பாதியாகிய போசனம் எல்லார்க்கும் கிட்ட வேண்டும் என்னும் கவலை, அதன் பிற்பாதியாகிய பிரியத்தை அன்பாக மாற்றும்போது, அது தானே அப்பட்டியலிலிருந்து நீங்கிவிடும்.