காத்தோட போயிரும்

போன தை மாதம். எங்கள் ஊர் சின்னமனூர் பக்கம். திராட்சைத் தோட்டத்தில் கவாத்து முடிந்து, வெட்டிய குச்சிகளைக் குவித்துப் பெரியப்பா தீ வைத்தார். பொழுது சாய்ந்திருந்தது. வேலையாட்கள் கிளம்பிய பிறகுதான் அதற்கு நேரம் கிடைக்கும். முப்பது வருடமாக அப்படித்தான். புகை தென்னை உயரம் எழும்பி, அதற்குமேல் ஏறாமல் படுத்துக்கொண்டது. எங்கள் தெருவில் இளைப்பு நோய் உள்ள அத்தை ஒருவர் இருக்கிறார். அன்று இரவு முழுக்க அவர் உட்கார்ந்தே இருந்தார்.

மறுநாள் சொன்னேன். "அட, காத்தோட போயிரும்ப்பா" என்றார் பெரியப்பா.

எங்கே போகும்?

பகலில் வெயில் மண்ணைச் சுடுகிறது. மண்ணை ஒட்டிய காற்று சூடாகி எழும்ப, மேலே உள்ளது இறங்கிவருகிறது. இந்தக் கொதிப்பு ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் உயரம் வரை எல்லாவற்றையும் கலக்கிவிடுகிறது. தெளிந்த, அசைவில்லாத இரவில் மண் முதலில் குளிர்கிறது. கீழே கனத்த குளிர்காற்று, மேலே லேசான சூட்டுக் காற்று. மூடி போட்ட பானை மாதிரி. கம்பம் பள்ளத்தாக்கில் இது இன்னும் மோசம். கிழக்கே மேகமலை, மேற்கே ஏலமலை. இரண்டு சரிவுகளிலிருந்தும் குளிர்காற்று வழிந்து அடியில் தேங்கும். ஆடிக் காற்றில் மூடி நிற்காது. மார்கழி, தையில் இறுக்கமாக விழும். 1500 மீட்டர் உயரத்துக்குக் கலக்கவேண்டிய புகை 150 மீட்டருக்குள் அடைபட்டால் செறிவு பத்து மடங்கு.

அதே குச்சி, அதே தீ, அதே பெரியப்பா. மதியம் வைத்திருந்தால் அத்தை தூங்கியிருப்பார். அப்படியானால் தவறு செயலில் இருக்கிறதா, நேரத்தில் இருக்கிறதா? நம் கையில் இல்லாத ஒன்று நம் செயலின் நியாயத்தைத் தீர்மானிக்கலாமா? 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் இந்தச் சிக்கலுக்கு 'ஒழுக்க அதிர்ஷ்டம்' என்ற பெயரில் முகம்கொடுத்தார்கள்.

எனக்குப் போபால் நினைவுக்கு வருகிறது. 1984 டிசம்பர் 2, நள்ளிரவை ஒட்டி, யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் கசிந்தது. காற்றைவிடக் கனமான வாயு. குளிர்ந்த இரவு அதை மேலே போகவிடாமல், குடிசைகளின் உயரத்திலேயே பரப்பியது. அதற்காக, குற்றத்தில் ஒரு பங்கை அந்த இரவின் தலையில் கட்ட நாம் ஒப்பமாட்டோம். தினமும் வருகிற இரவு அதிர்ஷ்டம் ஆகாது. அது வரும் என்று தெரிந்தவர் அதற்கும் சேர்த்தே பொறுப்பு. பெரியப்பாவுக்கு நேற்றுவரை தெரியாது. இன்று நான் சொல்லிவிட்டேன்.

அப்போ மதியம் எரித்தால் சரியாகிவிடுமா? அங்கேதான் எனக்கு இடறுகிறது. கலப்பு எதையும் அழிப்பதில்லை. அடையாளம் தெரியாமல் ஆக்குகிறது, அவ்வளவுதான். குச்சியின் கரி சமீபத்தில் காற்றிலிருந்து வந்ததுதான், அதை விட்டுவிடலாம். நிலக்கரியும் பெட்ரோலும் அப்படியில்லை. காற்றில் பத்து லட்சத்துக்கு 280 என்று இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டியிருக்கிறது. அதில் என் பைக்கின் பங்கு எது என்று யாராலும் பிரிக்க முடியாது. எல்லோருமே 'காத்தோட போயிரும்' என்று விட்டதுதான் அது.

கணினி மாதிரிகளிலும் இந்தக் கரைதல் உண்டு. உலகெங்கும் பயன்படும் ஈஆர்ஏ5 தரவில் ஒரு கட்டம் ஏறக்குறைய 31 கிலோமீட்டர். எங்கள் பள்ளத்தாக்கின் அகலம் அதைவிடக் குறைவு. மலையும் அடிவாரமும் ஒரே சராசரி உயரமாகிவிடும், மூடியும் காணாமல்போகும். சராசரி பொய் சொல்வதில்லை. ஆனால் சராசரிக்கு மூச்சிரைக்காது. அத்தைக்கு இரைக்கும்.

இந்த வருடம் கவாத்து முடிந்ததும் பெரியப்பா என்னைக் கூப்பிட்டார்.

"மத்தியானம் வச்சா சரியாப்பா?"

"அத்தைக்குச் சரி, பெரியப்பா."

"மத்தவங்களுக்கு?"

நான் பேசாமல் நின்றேன். குச்சிகள் இன்னும் வேலியோரம் குவிந்து கிடக்கின்றன.