இடம் மாறினால் நீதியா?

2007 ஏப்ரல் 2, காலை. சாலமன் தீவுகளின் மேற்குப் பகுதியில் 8.1 அளவில் நிலநடுக்கம். சுனாமியில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரனோங்கா என்ற தீவின் ஒரு பகுதி சுமார் மூன்று மீட்டர் உயர்ந்துவிட்டது. கரையோரப் பவளத்திட்டுகள் தண்ணீருக்கு வெளியே வந்து வெயிலில் செத்துப்போயின.

அன்று அந்தத் தீவுகளுக்கு அடியில் நழுவியது ஆஸ்திரேலியத் தட்டின் பக்கம். மேலே இருந்தது பசிபிக் தட்டு. ஆனால் ஒரு காலத்தில் இது நேர்மாறாக இருந்தது. பசிபிக் தட்டுதான் கீழே போய்க்கொண்டிருந்தது.

இடம் எப்படி மாறியது? கடலடித் தரை வயதாக ஆகக் குளிர்ந்து கனக்கும், எளிதில் அமிழும். அதன் மேலோடு சாதாரணமாக ஏழு கிலோமீட்டர் தடிமன்தான். பசிபிக் தட்டு தன் முதுகில் ஒன்டோங் ஜாவா பீடபூமியைச் சுமந்து வந்தது. சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு கொட்டி உருவான அதன் தடிமன் முப்பது கிலோமீட்டருக்கும் மேல். அகழியின் வாயில் அது சிக்கிக்கொண்டது. தட்டுகள் நெருங்குவதோ நிற்கவில்லை. யாராவது ஒருவர் கீழே போயாக வேண்டும். லட்சக்கணக்கான ஆண்டுகளில் தீவுகளின் மறுபக்கம் புதிய அகழி திறந்தது. ஆஸ்திரேலியத் தட்டு அமிழத் தொடங்கியது.

இதை முதலில் படித்தபோது எனக்கு ஒரு குரூர சந்தோஷம் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாமியாருக்கு ஒரு காலம் என்றால் மருமகளுக்கு ஒரு காலம்! மேலே இருப்பது யாருக்கும் பிறவிக் குணம் இல்லை என்று பாறையே சொல்வதுபோல் இருந்தது.

அது சின்ன விஷயமும் இல்லை. கீழே இருப்பவர் கீழேயே இருக்கப் பிறந்தவர் என்ற பொய்யை உடைக்க, ஒரு தடவையாவது இடம் மாறித்தான் ஆக வேண்டியிருக்கிறது. ஆனால் மாறியது திசை மட்டும்தான். அமிழ்த்தல் அப்படியே இருக்கிறது. நடுவில் உள்ள தீவுக்காரருக்கு எந்தத் தட்டு மேலே என்பதால் என்ன ஆகிவிடப்போகிறது? அன்றும் நடுக்கம், இன்றும் நடுக்கம்.

என் முதல் வேலையில் ஒரு லீட் இருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து, "சின்ன சேஞ்ச்தான்" என்பார். சனியும் ஞாயிறும் போய்விடும். இப்போது நான் லீட். போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணிடம் அதே வார்த்தையைச் சொன்னேன். அவர் முகம் வாடியதைப் பார்த்து, "நாங்கல்லாம் இதைப் பார்த்துட்டுதான் வந்திருக்கோம்" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அந்த வாக்கியம் ரொம்ப நாள் உறுத்தியது. அதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது: நான் பட்டேன், ஆகவே எனக்கு வரவேண்டிய பாக்கி இருக்கிறது. சரி, யாரிடமிருந்து? என்னைப் படுத்தியவர் வேறு எங்கோ நிம்மதியாக இருக்கிறார். வசூல் மட்டும் இந்தப் பெண்ணிடம். தட்டுகளிலாவது அதே இரண்டு பேர் இடம் மாறிக்கொள்கிறார்கள். நம்மிடம் அந்த நியாயம்கூட இல்லை. மருமகள் தன் மாமியாரிடம் பட்டதைத் தீர்த்துக்கொள்வது, வேறு வீட்டிலிருந்து வந்த இன்னொரு மருமகளிடம்தானே.

பாறைகளிடமிருந்து நீதி கற்க முடியாது, தெரியும். அவற்றுக்குத் தேர்வு கிடையாது. நெருக்கும் விசை இருக்கிறவரை ஒன்று அமிழ்ந்தே தீரும். எனக்கும் அப்படித்தான், கிளையன்ட் நெருக்குகிறார், நான் என்ன செய்ய, என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் உறைத்தது. திங்கட்கிழமை தந்தால் போதுமா என்று அந்தக் கிளையன்டிடம் நான் கேட்கவே இல்லை.