பேனாவும் டெஸ்ட் பென்னும்

போன வருஷம் கோயில் உழவாரப் பணிக்கு வந்திருந்த நம்ம இயக்கத் தம்பி தங்கைகளுக்கு இது ஞாபகம் இருக்கும். தரையெல்லாம் கழுவி முடிக்கிற நேரம். திடீர்னு கோயில் முழுக்க கரண்ட் போச்சு. சுவிட்சைத் தூக்கிப் போட்டோம், மறுபடி டிரிப் ஆச்சு. சாயங்காலப் பூஜைக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. "இ.எல்.சி.பி.யைத் தாண்டி டைரக்டா கொடுத்திடுங்கப்பா, பூஜை முடிஞ்சு பார்த்துக்கலாம்" என்று ஒரு பெரியவர் சொன்னார். யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. எனக்கும்தான். நான் எலெக்ட்ரிக்கல் எஞ்சினியரிங் மூன்றாம் ஆண்டு மாணவன்.

அங்கே நீலச் சட்டை போட்டுக்கொண்டு வாளியோடு நின்றவர் என் தாய்மாமா. அவர் டி.பி. பாக்ஸைத் திறந்தார். எல்லா சுவிட்சையும் கீழே இறக்கிவிட்டு ஒவ்வொன்றாகத் தூக்கினார். ஏழாவதைத் தூக்கியதும் டிரிப் ஆனது. அதை மட்டும் இறக்கி வைத்து, டேப் ஒட்டி, "இதை யாரும் தொடாதீங்க" என்று எழுதினார். மற்ற விளக்குகள் எரிந்தன. வெளிப்பிராகாரம் மட்டும் இருட்டு.

"அதையும் சரி பண்ணிடுங்களேன்" என்றார் பெரியவர்.

"இல்லைங்க ஐயா. கோயிலுக்கு மூணு ஃபேஸ் சப்ளை. என் சர்டிபிகேட் ஒரு ஃபேஸுக்குத்தான். நாளைக்கு எங்க முதலாளியைக் கூட்டிட்டு வரேன்."

பின்னால் யாரோ, "முழு வயர்மேன்கூட இல்லையா?" என்று முணுமுணுத்தார்கள். பக்கத்தில் நின்ற நான், அவர் என் மாமா என்று யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த மௌனம்தான்.

மாமா 14 வருஷம் கிள்ளானில் ஓர் அலுவலகத்தில் கப்பல் சரக்குக்கான பத்திரங்கள் பார்க்கிற கிளார்க். தினமும் காலையில் கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ஏறுவார். ஏர்கண்ட் அறை, கழுத்தில் அடையாள அட்டை. 37 வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, "அக்கா, நான் வயர்மேன் படிக்கப் போறேன்" என்றார். அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவர் போனதும் அம்மா என்னிடம் சொன்னது: "நீ எஞ்சினியருக்குப் படிக்கிற பிள்ளை. நீ சொன்னா கேட்பான். எடுத்துச் சொல்லு."

நான் சொன்னேன். அதுவும் கீதை வகுப்பில் கற்றதை வைத்துச் சொன்னேன். பிறருடைய தர்மத்தை நன்றாகச் செய்வதைவிடத் தன் தர்மத்தைக் குறையோடு செய்வதே மேல் என்று கண்ணன் சொல்கிறான். நீங்கள் இத்தனை வருஷம் செய்த வேலையை விட்டு ஓடுவது சரியா மாமா? மாமா தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "மாப்ள, கிளார்க் வேலைதான் என் சுயதர்மம்னு உனக்கு யார் சொன்னது?"

பதில் இல்லை. அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கீதையே ஒருவன் வேலையை மாற்றிக்கொள்ளப் பார்க்கிற கதையில்தான் தொடங்குகிறது. அர்ச்சுனன் வில்லைக் கீழே போட்டுவிட்டு, பிச்சை எடுத்துப் பிழைப்பதே மேல் என்கிறான். கண்ணன் சம்மதிக்கவில்லை. பிச்சை கேவலம் என்பதற்காகவா? நம் மரபில் பிச்சை ஏற்கும் துறவியை வணங்குகிறோம். அர்ச்சுனன் துறவைத் தேடிப் போகவில்லை; முன்னால் நின்ற கஷ்டமான கடமையிலிருந்து தப்பிக்கப் பார்த்தான். கண்ணன் மறுத்தது அதைத்தான்.

விசுவாமித்திரர் கதையோ வேறு. அரசராக இருந்தவர் பிரம்மரிஷி ஆனார். ஒரே நாளில் இல்லை. திரிசங்குவுக்காக ஒரு முறை தவத்தைச் செலவழித்தார், மேனகையிடம் ஒரு முறை இழந்தார், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். வசிஷ்டரைப் பார்த்த பொறாமையில் கிளம்பியவர், அந்தப் பொறாமையும் தீர்ந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தார். ஆக, வாழ்க்கையின் நடுவில் தொழில் மாறலாமா என்பதற்கு நம் மரபு 'கூடாது' என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லவில்லை. எதிலிருந்து ஓடுகிறாய், எதற்காகப் பொறுமையாக உழைக்கத் தயார் என்று திருப்பிக் கேட்கிறது.

மாமா ஓடவில்லை. உடனே வேலையை விடவும் இல்லை. வார நாட்களில் கிள்ளான், வார இறுதியில் வகுப்பு என்று இரண்டு வருஷம். நம் நாட்டில் இந்த வேலைக்கு ஒழுங்கான பாதை இருக்கிறது. 1990ஆம் ஆண்டு மின்சார விநியோகச் சட்டம், 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் ஆகியவற்றின் கீழ், சுருஹான்ஜாயா தெனாகா என்கிற எரிசக்தி ஆணையம் தகுதிச் சான்றிதழ் தருகிறது. ஒரு ஃபேஸ் வயர்மேன், மூன்று ஃபேஸ் வயர்மேன், அதற்கப்பால் சார்ஜ்மேன் என்று படிகள் உண்டு. எஸ்.கே.எம். என்கிற மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலை. அதற்கு மேல் டிப்ளோமா நிலைகள். திறன் பயிற்சிக்குக் கடன் கொடுக்க பி.டி.பி.கே. இருக்கிறது. இதெல்லாம் எஸ்.பி.எம். முடித்து 'எங்கேயும் இடம் கிடைக்காத' பிள்ளைகளுக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். மாமா 37 வயதில், 19 வயசுப் பையன்கள் பக்கத்தில் உட்கார்ந்து, பைப் வளைக்கக் கற்றுக்கொண்டார்.

சரி, அம்மா ஏன் அப்படி உட்கார்ந்துவிட்டார்? அவரைக் குறை சொல்வதற்கு முன்னால் பிரிக்பீல்ட்ஸைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இந்தப் பெயரே செங்கல் சூளையிலிருந்து வந்தது. 1881இல் கோலாலம்பூர் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்த பிறகு, செங்கல்லால் கட்ட வேண்டும் என்று வந்தபோது, இங்கே சூளைகள் எழுந்தன. பிறகு ரயில்வே வந்தது. ஆங்கிலம் படித்துவிட்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் கிளார்க்காகவும் ஸ்டேஷன் மாஸ்டராகவும் உட்கார்ந்தார்கள். தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் தண்டவாளத்திலும் தோட்டத்திலும் வெயிலில் நின்றார்கள். இரண்டு பேரும் தமிழர்தான். ஆனால் ஒருவர் சட்டைப் பையில் பேனா, இன்னொருவர் தோளில் மண்வெட்டி.

என் தாத்தா மண்வெட்டிப் பக்கம். தன் பிள்ளை பேனா பிடிக்க வேண்டும் என்பதற்காகவே முதுகு வளைந்தவர். மாமா கிளார்க் ஆன அன்று தாத்தா அழுதாராம். இப்போது அதே பிள்ளை பேனாவை வைத்துவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்தால், தன் அப்பா ஏறிய ஏணியிலிருந்து தம்பி குதித்துவிட்டதாகத்தான் அம்மாவுக்குத் தோன்றும். நம் பெற்றோர் ஆபீஸ் வேலைக்குக் கொடுக்கிற மரியாதையை வெறும் போலிக் கௌரவம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவமானப்பட்டவர்கள் தேடிக்கொண்ட பாதுகாப்பு அது. ஆனாலும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. தாத்தாவை அவமானப்படுத்தியது மண்வெட்டியா, மண்வெட்டி பிடித்தவனை மனுஷனாகப் பார்க்காத கண்ணா? அந்தக் கண்ணையே நாமும் வாங்கி மாட்டிக்கொண்டால் தாத்தா என்ன ஜெயித்தார்?

இங்கே எனக்கு அப்பர் பெருமான் ஞாபகம் வருகிறார். தருமசேனர் என்ற பெயரில் பாடலிபுத்திரத்தில் சமணர்களின் தலைவராக இருந்த அறிஞர். பிறகு சைவத்துக்குத் திரும்பினார். திரும்பி வந்தவர் கையில் ஓலையோடு மட்டும் நிற்கவில்லை. உழவாரப் படையைத் தூக்கிக்கொண்டு கோயில் கோயிலாகப் புல் செதுக்கினார். இன்றும் எந்தக் கோயிலில் அவர் சிலையைப் பார்த்தாலும் அந்தக் கருவி கூடவே இருக்கும். அதன் பெயரில்தான் நாம் மாதம் ஒரு ஞாயிறு கோயிலைக் கழுவுகிறோம். ஞாயிற்றுக்கிழமை நாம் வாளி தூக்கினால் அது தொண்டு. மாமா திங்கட்கிழமை டூல் பாக்ஸ் தூக்கினால் 'பாவம், என்ன ஆச்சு அவருக்கு'. இந்தக் கணக்கு எனக்கு ஒத்து வரவில்லை.

ஆனால் அப்பரைக் காட்டி எல்லாவற்றையும் முடித்துவிட முடியாது. அவருக்குக் குடும்பம் இல்லை. மாமாவுக்கு இரண்டு பிள்ளைகள். அத்தை ஒரு நாள் கேட்டார்: "அவருக்குப் பிடிச்ச வேலைக்கு நாங்க ஏன்பா விலை கொடுக்கணும்?"

இதுவரை நான் கேட்டதிலேயே கடினமான கேள்வி இது. இல்லறத்தானுக்குத் தன் விருப்பம் மட்டும் தர்மம் ஆகாது. அத்தைக்குக் கோபப்பட உரிமை இருந்தது. மாமா வேலையை விடுவதற்கு முன் ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேர்த்தார். காரை விற்று மோட்டார் வாங்கினார். மாதக் கணக்கை அத்தை முன்னால் வைத்து, "நீ சரின்னு சொன்னாதான்" என்றார். அத்தை மூன்று வாரம் கழித்துத்தான் சரி என்றார். முதல் வருஷச் சம்பளம் பழைய சம்பளத்தைவிடக் குறைவு. அத்தை சாயங்காலம் டியூஷன் எடுத்தார். இன்று எல்லாரும் மாமாவின் துணிச்சலைப் பேசுகிறார்கள். பாதித் துணிச்சல் அத்தையுடையது. அதைச் சொல்லாமல் விட்டால் அது பாதி உண்மைதான்.

கடைசியாக, அந்த ஏழாவது சுவிட்சுக்கு வருகிறேன். மறுநாள் காலையில் முதலாளி வந்து பார்த்தார். வெளிச்சுவர் விளக்கின் பெட்டிக்குள் தண்ணீர். அந்த விளக்கு மாட்டியிருந்த இரும்புச் சட்டம் கைப்பிடிக் கம்பியோடு சேர்ந்திருந்தது. நம் சின்னப் பிள்ளைகள் தொங்கி விளையாடுவார்களே, அதே கம்பி.

இ.எல்.சி.பி. என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியும். பரீட்சையில் வரைந்து மார்க் வாங்கியிருக்கிறேன். உள்ளே போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சமமாக இருக்க வேண்டும். குறைந்தால் எங்கோ கசிகிறது. ஒருவேளை ஒரு மனித உடம்பு வழியாக. கையில் பிடித்துப் பயன்படுத்தும் சாதனங்களுக்கு 30 மில்லிஆம்பியர் கசிவுக்குள் துண்டித்துவிட வேண்டும். உள்ளே இருக்கிற சின்னச் சுருளில் அந்த வித்தியாசம் மின்சாரத்தைத் தூண்டும். அந்த விதியை 1831இல் கண்டுபிடித்த மைக்கேல் ஃபாரடே, கொல்லர் மகன், புத்தகம் பைண்டு செய்யும் தொழில் கற்றவர், 1813இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளராகச் சேர்ந்து தொழில் மாறியவர். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் "டைரக்டா கொடுங்க" என்று சொன்னபோது நான் பேசாமல் நின்றேன். தெரிந்தது என் நோட்டில் இருந்தது. மாமாவுக்கு அது கையில் இருந்தது.

ஒரு வீட்டில் வயரிங் முடிந்தால், மேற்பார்வை பார்த்து முடித்ததற்கு ஒரு படிவம், சோதித்ததற்கு ஒரு படிவம் என்று கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகு சுவர் பூசி, பெயிண்ட் அடித்துவிடுவார்கள். உள்ளே வயர் சரியான அளவா, எர்த் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்று வீட்டுக்காரருக்கு எப்போதும் தெரியப் போவதில்லை. மாமா சொன்னார்: "மாப்ள, ஆபீஸ்ல நான் பண்ற தப்பை யாராச்சும் திருத்திடுவாங்க. இங்க சுவரு மூடிடுச்சுன்னா நானும் சாமியும்தான்."

சுயதர்மம் என்றால் என்ன என்று அவர் அன்று கேட்டதற்கு இப்போது என்னால் கொஞ்சம் பதில் சொல்ல முடியும். எந்த வேலையில் யாரும் பார்க்காதபோதும் ஒருவனால் ஒழுங்காக இருக்க முடிகிறதோ, 'இது என் எல்லைக்குள் இல்லை' என்று எல்லார் முன்னாலும் வெட்கமில்லாமல் சொல்ல முடிகிறதோ, அது அவனுடைய வேலை. அது பிறப்பால் வந்ததா, 37 வயதில் வந்ததா என்பது இரண்டாவது விஷயம்.

ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டில் வழக்கமாக என் புத்தகமும் லேப்டாப்பும்தான் படத்துக்கு முன்னால் இருக்கும். இந்த வருஷம் அம்மாவே மாமாவுக்குப் போன் போட்டு, "தம்பி, உன் சாமானைக் கொண்டா, இங்கேயே வெச்சுப் படைக்கலாம்" என்றார். கட்டிங் ப்ளையர், மீட்டர், பிடி தேய்ந்த டெஸ்ட் பென். எல்லாவற்றுக்கும் அம்மா சந்தனம் குங்குமம் வைத்தார். வருஷத்தில் ஒரு நாள் கருவிக்குப் பொட்டு வைக்க நமக்குத் தெரியும். பிடிக்கிற கையை மற்ற நாளெல்லாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதுதான் நம் பக்திக்குப் பரீட்சை. நான் அதில் ஒரு முறை தோற்றுவிட்டேன்.

அடுத்த உழவாரப் பணிக்கு மாமா வருவதாகச் சொல்லியிருக்கிறார். மூன்று ஃபேஸ் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். நீலச் சட்டையில் ஒருவர் வாளி தூக்கிக்கொண்டு நின்றால் வந்து பேசுங்கள். அவர் என் மாமா. வயர்மேன்.