முதியோர் இல்லத்தில் பெற்றோர்: விசாரிக்கப்பட இருக்கும் அமானிதம்

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள், அவர்களைப் பின்பற்றிய நல்லோர் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே! அல்லாஹ்வை அஞ்சி வாழும்படி முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் வஸிய்யத் செய்கிறேன்.

பெற்றோருக்குச் செய்ய வேண்டிய கடமைகளைப் பற்றி நிறைய பயான்கள் கேட்டிருக்கிறோம். தாய் தகப்பனை முதியோர் இல்லத்தில் விடுவது எவ்வளவு பெரிய குற்றம் என்று மிம்பரில் கண்டித்துப் பேசுவதையும் கேட்டிருக்கிறோம். ஆனால் நம் ஜமாஅத்திலேயே சிலருடைய உம்மாவும் வாப்பாவும் இன்று இல்லங்களில் இருக்கிறார்கள். மகன் சவூதியிலோ துபாயிலோ இருப்பார். மகள் வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டிருப்பார். பக்கவாதம் வந்து படுத்தவரைப் புரட்டிப் போட வீட்டில் ஆள் இருக்காது. நினைவு தப்பியவர் நடுராத்திரியில் கதவைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போய்விடுவார். இப்படிப்பட்டவர்களை வெறுமனே ஏசிவிட்டுப் போனால் என்ன நடக்கிறது? வெட்கத்தில் அவர்கள் விஷயத்தை மறைக்கிறார்கள். யாரும் பார்த்துவிடுவார்களோ என்று அந்தப் பக்கம் போவதையே குறைத்துக்கொள்கிறார்கள். அதன் பாதிப்பு யாருக்கு? கட்டிலில் கிடக்கிற உம்மாவுக்குத்தான்.

ஆகவே இன்றைக்கு வேறொன்றைப் பேசுவோம். வசதி இருந்தும், மனம் இல்லாமல் கொண்டுபோய் விட்டவர் அல்லாஹ்வுக்குப் பதில் சொல்லிக்கொள்ளட்டும். இன்றே அழைத்து வந்துவிடட்டும். உண்மையிலேயே வேறு வழி இல்லாமல் விட்டவருக்குக் கடமை முடிந்துவிட்டதா? மாதா மாதம் பணம் கட்டிவிட்டால் போதுமா? அங்கே கவனிப்பு எப்படி இருக்கிறது என்று பார்ப்பது யார் பொறுப்பு?

"உன்னிடத்தில்" என்ற சொல்

பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23வது வசனத்தில், தன்னை மட்டுமே வணங்க வேண்டும் என்று கட்டளையிட்ட அல்லாஹ், அதை அடுத்தே பெற்றோருக்கு நன்மை செய்யும்படி கட்டளையிடுகிறான். அவர்களில் ஒருவரோ இருவருமோ முதுமையை அடைந்தால் "சீ" என்றுகூடச் சொல்லக் கூடாது, விரட்டக் கூடாது என்கிறான். முதுமையைச் சொல்லும் அந்த இடத்தில் "இன்தக" என்ற சொல் வருகிறது. "உன்னிடத்தில்" என்பது அதன் பொருள். முதுமையில் அவர்கள் இருக்க வேண்டிய இடம் நம் பக்கம், நம் பொறுப்பு, நம் பார்வை.

உடலால் நம் வீட்டில் இல்லாவிட்டாலும் நம் பொறுப்பிலிருந்து அவர்கள் வெளியே போய்விடவில்லை. இல்லத்துக்காரர் நம் வேலையைச் செய்ய நாம் வைத்த ஆள். வேலையை ஒப்படைக்கலாம், மறுமையின் கேள்வியை ஒப்படைக்க முடியாது. உங்களில் ஒவ்வொருவரும் பொறுப்பாளர், ஒவ்வொருவரும் தம் பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது.

குவியலுக்குள் நுழைந்த கை

அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவம் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கடந்து போனார்கள். மேலே பார்த்தால் நல்ல தானியம். நபியவர்கள் அதற்குள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. என்ன இது என்று வியாபாரியிடம் கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் அவர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்ல என்று எச்சரித்தார்கள்.

தானியத்துக்கே மேலோட்டமான பார்வை போதாது என்று நபியவர்கள் காட்டித் தந்தார்கள். பெற்ற தாயை ஒப்படைக்கும் இடத்தில் நாம் எதைப் பார்க்கிறோம்? வாசலில் பூந்தொட்டி, வரவேற்பறையில் டைல்ஸ், வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பும் பிறந்தநாள் போட்டோ. இவையெல்லாம் குவியலின் மேற்பகுதி. ஈரம் இருக்கிறதா இல்லையா என்பது உள்ளே கை நுழைத்தால்தான் தெரியும்.

எப்படிப் பார்ப்பது?

முதலாவது, சொல்லாமல் போங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் பண்ணிவிட்டுப் போனால் படுக்கை விரிப்பு புதிதாகத்தான் இருக்கும். மஃரிபுக்குப் பிறகு ஒருநாள், சாப்பாட்டு நேரத்தில் ஒருநாள் போய்ப் பாருங்கள். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர்கள் விழித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். முதியவர்கள் கீழே விழுவதும், கழிப்பறைக்குப் போக உதவி கேட்டுத் தவிப்பதும் ராத்திரியில் அதிகம். கூப்பிடுவதற்கு மணி இருக்கிறதா? அதை அமுக்கினால் எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறார்? நீங்களே அமுக்கிப் பாருங்கள்.

இரண்டாவது, உடலைப் பாருங்கள். உம்மாவைப் பார்க்க மகளோ மருமகளோ போகட்டும். வாப்பாவை மகன் பார்க்கட்டும். படுத்த படுக்கையாக இருப்பவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். அது நடக்காவிட்டால் முதுகின் அடிப்பகுதியிலும் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வரும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்த பிறகும் சிவப்பு மாறாமல் இருந்தால் அதுவே ஆரம்ப அடையாளம். மணிக்கட்டில் தழும்பு இருந்தால் கட்டி வைத்தார்களா என்று கேளுங்கள். நகம், வாய், பல்செட், டயப்பர் மாற்றிய நேரம், எதையும் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது, எடையைக் கேளுங்கள். மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வைத்திருக்கிறார்களா? எந்த முயற்சியும் இல்லாமல் ஒரே மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதம், அல்லது ஆறு மாதத்தில் 10 சதவீதம் குறைந்தால் அது கவலைக்குரியது. 50 கிலோ இருந்த உம்மா ஒரு மாதத்தில் இரண்டரை கிலோ இளைத்துவிட்டால், "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்ற பதிலை ஏற்காதீர்கள். தட்டு வைத்தார்கள் என்பது வேறு, ஊட்டினார்கள் என்பது வேறு. கை நடுங்குகிறவர் முன்னால் சோற்றை வைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்து அப்படியே எடுத்துப் போனால், கணக்கில் அவர் சாப்பிட்டவர், உண்மையில் பட்டினி.

குகையில் மாட்டிக்கொண்ட மூவரின் வரலாறு நமக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் பால் கறந்து கொண்டு வந்தபோது பெற்றோர் தூங்கிவிட்டார்கள். எழுப்ப மனமில்லாமல், காலடியில் பிள்ளைகள் பசியால் அழுதபோதும், பெற்றோர் விழிக்கும் வரை பாத்திரத்தைக் கையில் ஏந்தியபடி விடியும்வரை நின்றார். அந்த அமலைச் சொல்லி துஆ செய்ததால் பாறை நகர்ந்தது. இங்கே கவனியுங்கள். பால் பெரியவர்களுக்காகக் காத்திருந்தது. எட்டு மணிக்குச் சாப்பாடு முடிந்துவிட்டது, இனி நாளைக்குத்தான் என்று சொல்லும் இடத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நான்காவது, மருந்து. எந்த மாத்திரை, எந்த நேரம், யார் கொடுத்தது என்று எழுதிய ஏடு இருக்க வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு மாத்திரையோ இன்சுலினோ கொடுத்துவிட்டுச் சாப்பாடு போகாவிட்டால் சர்க்கரை இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். எப்போது போனாலும் வாப்பா தூங்கிக்கொண்டே இருக்கிறார் என்றால், டாக்டர் எழுதாத தூக்க மாத்திரை கொடுக்கப்படுகிறதா என்று விசாரியுங்கள். அமைதியாக இருக்கிறார் என்பது எப்போதும் நல்ல செய்தி அல்ல.

ஐந்தாவது, இபாதத். கிப்லா எந்தப் பக்கம் என்று அந்த அறையில் இருப்பவருக்குத் தெரியுமா? உளூவுக்குத் தண்ணீர் எட்டுகிறதா? முடியாதவருக்குத் தயம்மும் இருக்கிறது. நின்று தொழ முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழும்படி இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் சொன்னார்கள். இது புகாரியில் இருக்கிறது. அறுபது வருடம் தொழுகையை விடாத உம்மா, உடை சுத்தமில்லை என்று கூனிக் குறுகி தொழாமல் படுத்திருந்தால் அந்த வேதனையை அவர் யாரிடம் சொல்வார்?

"நான் நல்லாத்தான் இருக்கேன் வாப்பா"

சகோதரர்களே, இதில் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கேட்டால் பெற்றோர் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். "நான் நல்லாத்தான் இருக்கேன் வாப்பா, நீ உன் வேலையைப் பாரு" என்பார்கள். பிள்ளை வெளிநாட்டில் கவலைப்படக் கூடாது என்பது ஒரு காரணம். குறை சொன்னால், நீங்கள் போன பிறகு பணியாளர் முகம் மாறிவிடும் என்ற பயம் இன்னொரு காரணம். ஆகவே வாய் சொல்வதை மட்டும் கேட்காதீர்கள். பணியாளர் அறைக்குள் வரும்போது உம்மாவின் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். பேரைச் சொல்லி, மரியாதையோடு கூப்பிடுகிறார்களா? "ஏய் கிழவி" என்கிறார்களா? "சீ" என்ற சொல்லையே அல்லாஹ் தடுத்திருக்கிறான். அந்தச் சொல்லை நம் காசு வாங்கும் ஒருவர் நம் தாயிடம் சொன்னால், நாம் கேள்வி கேட்காமல் இருக்கலாமா?

அதே நேரம், பணியாளர்களும் மனிதர்கள். நாம் பெற்ற பிள்ளைகள் செய்யத் தயங்கும் வேலையை, குறைந்த சம்பளத்துக்கு இன்னொரு வீட்டுப் பிள்ளை செய்கிறது. உழைப்பாளியின் கூலியை வியர்வை உலருமுன் கொடுத்துவிடும்படி நபிமொழி இருப்பது இப்னுமாஜாவில் இருக்கிறது. அவர்களுக்குச் சம்பளம் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். ஸலாமோ வணக்கமோ சொல்லி, பெயர் கேட்டு, நன்றி சொல்லுங்கள். பணியாளர்கள் மாதத்துக்கு ஒருவராக மாறிக்கொண்டே இருக்கிற இல்லத்தில் கவனிப்பு நன்றாக இருக்காது.

ஜமாஅத்தின் பங்கு

நபி (ஸல்) அவர்களின் பள்ளியைக் கூட்டிச் சுத்தம் செய்தவர் ஒருவர் வபாத்தானார். சின்ன விஷயம் என்று நினைத்து ஸஹாபாக்கள் அதை நபியவர்களிடம் சொல்லவில்லை. நபியவர்கள் அவரைக் காணாமல் தேடினார்கள். விவரம் தெரிந்ததும், எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டு, கப்ருக்குச் சென்று தொழுகை நடத்தினார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. முன்வரிசையில் நாற்பது வருடம் நின்று தொழுத பெரியவர் ஆறு மாதமாகக் காணவில்லை. நம்மில் எத்தனை பேர் தேடினோம்?

உமர் (ரலி) அவர்கள் யாசித்துக்கொண்டிருந்த ஒரு வயோதிகரைக் கண்டார்கள். அவர் முஸ்லிமல்ல. இளமையில் அவரிடம் வரி வாங்கிவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியாகாது என்று சொல்லி, பைத்துல்மாலிலிருந்து அவருக்கு உதவ ஏற்பாடு செய்தார்கள் என்று இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களின் கிதாபுல் கராஜில் வருகிறது. ஆகவே இல்லத்துக்குப் போகும்போது பக்கத்துக் கட்டிலில் இருப்பவரையும் விசாரியுங்கள். எந்த மதமாக இருந்தாலும் சரி. அவருக்கு வருவதற்கு யாருமே இல்லாமல் இருக்கலாம்.

கெய்ரோவில் 1284-85ல் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையின் வக்ஃபு ஆவணத்தில், நோயாளிகளுக்குக் கோடையில் விசிறிக்கொள்ள ஓலை விசிறி தருவதுகூட எழுதப்பட்டிருந்தது. கவனிப்பு என்பதை அவ்வளவு நுணுக்கமாக எழுதி வைத்த சமுதாயம் நாம். நம் ஜமாஅத்தில் நான்கு ஆண்களும் நான்கு பெண்களும் சேர்ந்து, வாரம் இருவராக முறை வைத்து, நம்மூர்ப் பெரியவர்கள் இருக்கும் இல்லங்களுக்குப் போய் வர முடியாதா? வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குக் கண்ணாக இருப்பதும் ஸதகாதான்.

சட்டமும் துணை

நம் நாட்டில் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007ல் வந்தது. வாழ வழியில்லாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டுத் தீர்ப்பாயத்தை அணுகலாம். முதியவரைப் பாதுகாக்கும் பொறுப்பில் இருப்பவர் அவரை அடியோடு கைவிடும் நோக்கில் எங்காவது விட்டுவிட்டுப் போனால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. முதியவர்களுக்கான உதவி எண் 14567. ஓர் இல்லத்தில் கொடுமை நடப்பதைக் கண்டால் முதலில் உங்கள் பெரியவரைப் பத்திரமான இடத்துக்கு மாற்றுங்கள். பிறகு இந்த எண்ணிலோ மாவட்ட சமூக நல அலுவலகத்திலோ புகார் செய்யுங்கள். நம் தாயை மட்டும் அழைத்துக்கொண்டு மற்றவர்களை அங்கேயே விட்டு வருவது முழுமையான நீதி ஆகாது.

இரண்டாவது குத்பா

அல்லாஹ்வின் அடியார்களே! மக்கா வெற்றியின்போது அபூபக்கர் (ரலி) அவர்கள், பார்வை இழந்த தம் வயதான தந்தை அபூகுஹாஃபாவை நபி (ஸல்) அவர்களிடம் அழைத்து வந்தார்கள். பெரியவரை வீட்டிலேயே விட்டிருக்கலாமே, நானே அவரிடம் வந்திருப்பேனே என்றார்கள் நபியவர்கள். வெற்றி பெற்ற படைக்குத் தலைவர், ஒரு முதியவரைத் தேடிப் போகத் தயாராக இருந்தார். நமக்குத்தான் நேரம் இல்லை.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். பெற்றோர் இல்லத்தில் இருந்தால் சொல்லாமல் ஒருநாள் போங்கள். பெற்றோர் உங்கள் வீட்டிலேயே இருந்தால் இன்று அஸருக்குப் பிறகு அவர்கள் அறைக்குள் போய் இதே கேள்விகளை உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் வாப்பாவின் குதிகாலைக் கடைசியாக நீங்கள் எப்போது பார்த்தீர்கள்?

யா அல்லாஹ்! சிறு வயதில் எங்களை வளர்த்த எங்கள் பெற்றோர் மீது ரஹ்மத் செய்வாயாக. அவர்களைக் கவனிப்பவர்களின் உள்ளத்தில் இரக்கத்தைப் போடுவாயாக. யாருமற்ற முதியவர்களுக்கு நீயே துணையாக இருப்பாயாக. எங்கள் முதுமையை இழிவில்லாத முதுமையாக ஆக்குவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.