நாவின் பழியும் ஏட்டின் பழியும்

பிறர் பெயரைக் கெடுக்கும் செயலுக்கு ஆங்கிலத்தில் இரு சொற்கள் உண்டு. வாயால் பேசிக் கெடுப்பது 'ஸ்லாண்டர்'. எழுத்தாலோ படத்தாலோ நிலைத்து நிற்கும்படி கெடுப்பது 'லைபல்'. தமிழில் இரண்டையும் அவதூறு என்றே வழங்குகிறோம். ஆங்கிலேயரின் சட்ட மரபு எழுத்தையே கொடிதாகக் கருதியது. பேச்சால் பழி சுமந்தவர், சில விலக்குகள் தவிர, தமக்கு நேர்ந்த இழப்பையும் மெய்ப்பிக்க வேண்டும். எழுத்தால் பழி சுமந்தவருக்கு அத்தேவை இல்லை. எழுதியது நிலைக்கும், பேசியது காற்றோடு போகும் என்பது அதன் எண்ணம்.

உண்மையில் போய்விடுகிறதா? பெரம்பலூர்த் தேநீர்க் கடையில் காலையில் மெல்லச் சொன்ன சொல், மாலைக்குள் அரியலூர்ப் பேருந்து நிலையத்தில் உரக்க ஒலிக்கக்கூடும். ஒரு பெண்ணின் திருமணப் பேச்சு முறிய மொட்டைக் கடிதம் வேண்டியதில்லை. விசாரிக்க வந்தவரிடம் அண்டை வீட்டார் உதட்டைப் பிதுக்கினாலே போதும்.

1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், தன் 499ஆம் பிரிவில் பேச்சு, எழுத்து, சைகை, படம் அனைத்தையும் ஒரே குற்றத்துள் அடக்கியது. அதற்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவும் அவ்வாறே. அது கேட்கும் கேள்வி வேறு: சொன்னது உண்மையா? உண்மையேயானாலும், வெளியிட்டது பொதுநன்மைக்காகவா?

திருச்சபையின் அறநெறியும் இங்கேதான் கோடு கிழிக்கிறது. இல்லாததைச் சொல்வது அவதூறு. உள்ள குறையைத் தக்க காரணமின்றி அறியாதாரிடம் வெளிப்படுத்துவது புறங்கூறல். இரண்டும் குற்றமே. அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் பணிபுரிந்த வீரமாமுனிவர் இலத்தீனில் ஆக்கித் தந்த திருக்குறள் அறத்துப்பாலில், வாய்மைக்கு ஓர் அதிகாரமும் புறங்கூறாமைக்கு வேறோர் அதிகாரமும் உண்டு. 'உள்ளதைத்தானே சொன்னோம்' என்பது முதல் அறத்திற்கு விடையாகலாம், அடுத்ததற்கு ஆகாது.

எனினும், குழந்தைக்குத் தீங்கிழைத்தவரைப் பற்றி உரியவரிடம் முறையிடுவது புறங்கூறல் அன்று. 'ஊர்ப் பெயர் கெடும்' என்று அந்த வாயை அடைப்பதே அநீதி.

திருடிய பொருளைத் திருப்பித் தரக் கடமைப்பட்டிருப்பது போலவே, கெடுத்த பெயரையும் மீட்டுத் தர நாம் கடமைப்பட்டவர்கள். அச்சில் வந்த பழிக்கு அதே இதழில் மறுப்பு வெளியிடலாம். வாயிலிருந்து புறப்பட்டது எந்தெந்தச் செவிகளை எட்டியது என்பதை நாமே அறியோம். சட்ட மரபு எளிதென்று எண்ணிய நாவின் பழியே, மனச்சான்றின்முன் ஈடுசெய்ய அரிய கடனாக நிற்கிறது.