வீட்டோரத்து மரத்தை வெட்டலாமா?

மரம் நடுவது ஸதகா. அதன் கனியைப் பறவை தின்றாலும் நட்டவருக்கு நன்மை உண்டு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அப்படியிருக்க, உயிரோடு நிற்கும் மரங்களை வெட்டிக் காட்டின் அடர்த்தியைக் குறைப்பதே நற்செயல் என்று ஒரு சாரார் கூறக் கேட்டால், நம் மனம் துணுக்குறவே செய்யும். ஆனால் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் இது வெறும் வாய்த்தர்க்கமன்று, உயிர்ப் பிரச்சினை.

2018 நவம்பர் 8 அன்று, கலிபோர்னியாவின் வடபகுதியில் பைன் மரங்களுக்கிடையே அமைந்திருந்த பாரடைஸ் என்னும் ஊரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. பாரடைஸ் என்றால் சுவனம் என்று பொருள். அவ்வூரிலும் சுற்றுப்புறத்திலும் 85 பேர் மாண்டனர். 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. மாண்டவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள்.

அக்காடுகள் இவ்வளவு அடர்ந்ததற்கு மனிதனின் செயலும் ஒரு காரணமாகும். கரூக், யூரோக் போன்ற அந்நிலத்தின் பூர்வகுடிகள் தலைமுறை தலைமுறையாகச் சிறு தீ மூட்டிச் சருகையும் புதரையும் கழித்து வந்தனர். தடித்த பட்டையுடைய பெருமரங்கள் அத்தீயைத் தாங்கி நின்றன. பின்னர் வந்த அரசு இவ்வழக்கத்தைத் தடுத்தது. 1910-ஆம் ஆண்டின் பெருந்தீ எல்லோரையும் நடுங்கச் செய்தது. எங்கே தீ கண்டாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கிவிட வேண்டும் என்று 1935-இல் வனத்துறை விதி வகுத்தது. விளைவு என்ன? சிறு தீ எரிக்க வேண்டியதெல்லாம் பெருந்தீக்கு இரையாகச் சேர்ந்தது. நன்மையென்று எண்ணிச் செய்வதும் அளவு தப்பினால் தீமையாகிவிடும் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இன்று ஒரு சாரார், சிறுமரங்களையும் கீழ்க்கிளைகளையும் களைய வேண்டும் என்கின்றனர். மறு சாரார், தீயின் பெயரைச் சொல்லி மர வியாபாரிகள் முதிர்ந்த பெருமரங்களைக் கொண்டு போய்விடுவர் என்று அஞ்சுகின்றனர். இரு கூற்றிலும் உண்மையுண்டு. அங்ஙனமாயின் எல்லையை எங்கே வகுப்பது?

நமது ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்களில் ஒரு மஸ்அலா உண்டு. ஒருவருடைய மரக்கிளை அண்டை வீட்டாரின் எல்லைக்குள் நீண்டுவிட்டால், அதை அகற்றும்படி அவர் கேட்கலாம். உரியவர் மறுத்தால், கிளையை வளைத்துத் திருப்பிவிடலாம். வளைக்க இயலாதபோதே வெட்டலாம். இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. என் மரத்தால் பிறருக்கு இடர் நேர்ந்தால், என் மரம் என்று சொல்லி நான் ஒதுங்கிவிட முடியாது. அந்த இடரை நீக்குவதிலும் தேவைக்கு மேல் ஒரு கொம்பைக்கூட முறிக்கலாகாது.

இவ்வளவுகோலால் நிறுத்துப் பார்ப்போம். வீடு தீப்பற்றுவதை ஆராய்ந்த ஜாக் கோஹன் என்பார், வீட்டின் கதியை முடிவு செய்வது வீடும் அதைச் சுற்றி ஏறத்தாழ 100 அடியுமே என்று காட்டினார். காற்றில் பறந்து வரும் கங்குகள் கூரைச் சருகு போன்றவற்றில் விழுந்தே பெரும்பாலான வீடுகள் எரிகின்றன. பாரடைஸிலும் வீடுகள் சாம்பலாகிக் கிடக்க, அருகே பைன் மரங்கள் பச்சையாக நின்றதைப் பலர் கண்டனர். அவ்வாறாயின், தன் கூரைச் சருகைத் தள்ளாதவர் தொலைவிலுள்ள காட்டை வெட்டச் சொல்வது முறையாகுமா? கலிபோர்னியச் சட்டமும் அபாயப் பகுதிகளில் வீட்டைச் சுற்றி 100 அடியைச் சீர்படுத்தும் கடமையை உடையவர்மீதே சுமத்துகிறது.

அதற்கப்பால் காட்டைக் கழிப்பதும் தேவையே. ஆனால் வெட்டிய கழிவை அங்கேயே போட்டுவிட்டால் அதுவே விறகாகும். அதைக் கவனமாக எரிக்க வேண்டும். சில ஆண்டுகளில் மீண்டும் கழிக்க வேண்டும். எரிப்பதிலும் ஆபத்துண்டு. 2022-இல் நியூ மெக்ஸிகோவில் வனத்துறையினர் மூட்டிய தீயே கைமீறி, 3 லட்சத்து 40 ஆயிரம் ஏக்கருக்கும் மேல் பரவியது. பெருமரங்களை விட்டுவைத்துச் சிறியவற்றைக் களைவது இடர் நீக்கல். விலைபோகும் மரத்தைத் தேடி வெட்டுவது வியாபாரம். இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது நேர்மையாகாது.

இறுதியாக ஒன்று. முற்றத்தைச் சுத்தம் செய்யப் பலமோ பணமோ இல்லாத மூதாட்டி என்ன செய்வார்? அவர் கூரையில் பற்றும் தீ அடுத்த வீட்டோடு நின்றுவிடுவதில்லை. ஆகவே அவர் முற்றத்துச் சருகை அள்ளுவது ஊரார் அனைவர் மீதும் உள்ள கடமை. சிலராவது செய்யாவிடில் எல்லோரும் பொறுப்பாளிகளே. உறங்குமுன் நெருப்பை அணைத்துவிடும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியதை நாம் அறிவோம். தீ மூளுமுன் செய்யும் காவலே காவல்.

மரத்துக்குரிய ஹக்கையும் மனிதருக்குரிய ஹக்கையும் அளவறிந்து நிறைவேற்றும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.